சேனாதிபதி இருந்த கேசட்

வேண்டாத வீட்டுச் சாமான்களை விற்கும் கராஜ் சேல் ஒன்றில் பழைய வீடியோ கேசட்டின் உறையைத் திறந்தேன். அந்தப் பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதுமே, இத்தனை வருடம் கழித்தும், எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நாங்கள் குடியேறிய மில்பிடாஸ் ஊரில், இன்று போபா தேநீர்க் கடை இருக்கும் இடத்தில், தொண்ணூறுகளில் லிங் ஆன்ட்டியின் வாடகைக் கேசட் கடை இருந்தது. பள்ளி விட்டதிலிருந்து அம்மா ஆபீஸ் முடிந்து வரும்வரை நான் அங்கேதான் இருப்பேன். நாள் முழுக்க ஹாங்காங் டிவியின் கான்டனீஸ் மொழி நாடகங்கள் ஓடும். ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் ஒரு நடிகரை மட்டும் நாடகம் நாடகமாகத் தொடர்ந்தேன். அடர்ந்த புருவத்தால் எனக்கு அவர் புருவ மாமா. சண்டை என்றால் முதலில் சாவார், விருந்து என்றால் தேநீர் ஊற்றுவார், கதாநாயகன் பேசும்போதெல்லாம் பின்னால் குனிந்து நிற்பார். ஒரே ஒரு பழைய நாடகத்தில்தான் அவர் சேனாதிபதி. வெள்ளைக் குதிரையில் நிமிர்ந்து வருவார். அந்தக் கேசட்டைத் தினமும் போடச் சொல்லி நச்சரிப்பேன்.

ஒரு நாள் அதைப் போட்டால், அதே புருவ மாமா, நரைத்த தலையோடு, யாரோ முதலாளிக்குக் கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

“ஓல்ட் ஷோ, நோபடி ரென்ட்,” என்றார் லிங் ஆன்ட்டி. புது நாடகத்தைப் பழைய கேசட்டின் மேலேயே பதிவது அந்தக் கடை வழக்கம்.

அழுதபடி காரில் ஏறிய என்னிடம் அம்மா, “வெறும் டேப்தானேடி, இதுக்குப் போயா அழற?” என்றாள்.

வெறும் டேப்பா? ஆயுளில் ஒரே முறை குதிரையேறிய மனிதரைக் கீழே இறக்க, அவரையே அல்லவா அனுப்பியிருந்தார்கள்!