பெங்களூர் ஹோட்டலில் கை நனைத்த கதை

வெண்ணெய் வாசனை... அதோடு என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்த எலுமிச்சம்பழ வாசனை. அறுபதுகளின் கடைசியில் பெங்களூரின் பெரிய ஹோட்டல் ஒன்றில் டீ குடிக்கப் போனதை நினைத்தால், முதலில் மூக்கில் ஏறுவது இந்த இரண்டும்தான்.

பஸ்ஸில் வாந்தி எடுப்பேன் என்று அம்மா காலையில் ஒரு வாய்கூடத் தரவில்லை. எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து, "மோந்துக்கிட்டே வா" என்றாள். நாகரசம்பட்டியிலிருந்து கிருஷ்ணகிரி, அங்கிருந்து குருபரப்பள்ளி, ஓசூரெல்லாம் தாண்டி பெங்களூர். நாங்கள் போனது மாப்பிள்ளை பார்க்க!

அவர் ஓசூர்க்காரர்தான். ஆனால் பெங்களூரில் ஃபேக்டரி வேலை, ஒற்றை ரூமில் வாசம். எங்களை அங்கே எப்படி உட்கார வைப்பது? அவருடைய தாய்மாமன் கொஞ்சம் தடபுடலான ஆள். "பொண்ணையும் கூட்டிக்கினு வந்துருங்க, டீ சாப்பிட்டுக்கிட்டே பேசிடலாம்" என்று ஹோட்டலுக்கு வரச் சொல்லிவிட்டார்.

மூன்று அடுக்குத் தட்டு வந்தது. கீழே சின்னச் சின்ன சாண்ட்விச், நடுவில் பன், மேலே கேக். டீ தனி, பால் தனி, சர்க்கரை கட்டி கட்டியாக... எனக்குக் குடல் கத்தியது.

ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று இருக்கிறதே! சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டார் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாமல் எழுந்தால் அத்தோடு சரி. ஹோட்டலாக இருந்தால் என்ன, வாங்கிக் கொடுப்பது மாப்பிள்ளை வீடுதானே.

அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. கிணறும் மாந்தோப்பும் உள்ள வீட்டில்தான் என்னைக் கொடுக்க ஆசை.

"நெலம் நீச்சு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க, வேலை மட்டுந்தாங்க" என்றார் மாப்பிள்ளை. பூசி மெழுகவில்லை. நல்ல ஆளாகத்தான் தெரிந்தார். அதற்குமேல் யோசிக்கப் பசி விடவில்லை.

"டீ ஆறுதுங்க, எடுத்துக்குங்க" என்றார் மாமா.

"இருக்கட்டுங்க. ஊட்டுக்குப் போயி கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்."

அப்பா அப்படிச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். அது அங்கே எல்லாருக்கும் புரிந்தது. மாப்பிள்ளை முகம் சுண்டிப்போனது. என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா துண்டை எடுத்து உதறினார், எழுந்திருக்க...

என் கை எப்போது நீண்டதோ, சத்தியமாகத் தெரியாது. ஒரு சாண்ட்விச்சை எடுத்துக் கடித்துவிட்டேன். உள்ளே வெறும் வெள்ளரிக்காய்! எங்கள் வயலில் கேட்பாரில்லாமல் கிடக்குமே, அதே வெள்ளரிக்காய்!

"அடிப்பாவி, இன்னாடி காரியம் பண்ணிட்ட?" அம்மா தொடையில் கிள்ளினாள். மாமா என்னையே வெறித்துப் பார்த்தார். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவமானத்தில் கண்ணில் நீர் முட்டியது.

தலையைத் தூக்கினேன். அப்பா தொடும்வரை தானும் தொடாமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, சட்டென்று ஒரு சாண்ட்விச்சை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லாத்தாங்க இருக்குது. இன்னொண்ணு எடுத்துக்குங்க" என்றார் என்னிடம், வாய் நிறைய ரொட்டியோடு.

நான் இன்னொன்று எடுத்துக்கொண்டேன்.

அப்பா என்னைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு துண்டை மறுபடி தோளில் போட்டு, டீயைச் சாசரில் ஊற்றி ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். "செரி, எந்த மாசம் வெச்சுக்கலாம்?"

இப்போது ஓசூரிலேயே அந்த மாதிரி ஹோட்டல்கள் வந்துவிட்டன. போன வாரம் பேத்தி, தான் கட்டிக்கப்போகும் பையனைக் காட்ட எங்களை அப்படி ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனாள். முடிவெல்லாம் அவர்களே பண்ணியாயிற்று. நாங்கள் சும்மா டீ குடிக்கப் போனோம். நல்லதுதான், வயிறாவது காயவில்லை!

அதே மூன்று அடுக்குத் தட்டு... இவருக்கு சுகர், கேக் பக்கம் போகக் கூடாது. வெள்ளரிக்காய் சாண்ட்விச்சை என் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார்.

"உண்மையச் சொல்லு. அன்னிக்கு என்னைப் புடிச்சுப்போயித் தின்னியா, பசிக்குத் தின்னியா?"

"போங்க, உங்களுக்கு வேற வேலையில்ல" என்று வழக்கம்போல மழுப்பிவிட்டேன். பேத்தி எதிரில் வெட்கமாக இருந்தது.

என் பதிவுகளை ஒன்று விடாமல் படிக்கிறவர் அவர். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் சாண்ட்விச் பசிக்குத்தாங்க.

ரெண்டாவது உங்களுக்கு.