மழையில் நின்ற குட்டை நெல்

இரும்புலியூர் ஏரிப் பாசனத்தில் எனக்கு இருப்பது ஒரே ஏக்கர். இரண்டு வருடமாகக் கதிர் முற்றும் நேரத்தில் மழை அடித்துப் பயிர் சாய்ந்து, நெல் சேற்றிலேயே முளைத்துவிட்டது. மூன்றாம் முறையும் சாய்ந்தால் மாடுகளை விற்க வேண்டியதுதான். குட்டை நெல் விதை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கண்ணால் பார்க்காமல் விதைக்க மனம் வரவில்லை. அதனால் 1969 கார்த்திகையில் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு விதைப் பண்ணைக்குப் போனேன். அதே யோசனையில் இருப்பவர்களுக்காக, எழுதப் படிக்கக் கற்றுத்தரும் எங்கள் முதியோர் வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகையில் இதை எழுதுகிறேன்.

தாம்பரத்திலிருந்து ஒன்பது மைல். காலை ஏழரை ரயில், டிக்கெட் நாற்பது காசு. துணைக்கு மனைவியின் தம்பி அந்தோணி. நீளமான அந்த ஊர்ப் பெயரைப் பலகையில் நானே வாசித்து இறங்கினேன். ரயில் நகர்வதற்குள் வாசித்து முடித்துவிட்டேன்! அங்கிருந்து அரை மணி நடை.

குட்டை நெல்லைப் பார்த்ததும் அந்தோணிக்குச் சிரிப்பு.

"இன்னா மச்சான், இடுப்புக்குக்கூட வரல. பட்டினி போட்டு வளத்துகினு கீறாங்களா?"

பண்ணை அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. "நல்லா எரு போட்டிருக்கோம்பா. இதோட வம்சமே குட்டை. தின்ற எருவெல்லாம் கதிருக்குப் போகுது. வடக்கே கோதுமையையும் இப்படித்தான் குட்டையாக்கியிருக்காங்க."

எங்கள் ஊரில் விதைக்கென்று எடுப்பது எப்போதும் நெட்டைப் பயிரின் கதிரைத்தான். சாய்கிற வம்சத்தையே தேடித் தேடி விதைத்திருக்கிறோம்!

அடுத்த பாத்தியில் நெட்டையும் குட்டையும் கலந்து நின்றன.

அதிகாரி சொன்னார்: "நெட்டைப் பூவுல குட்டையோட மகரந்தத்தைச் சேர்த்தோம். பிள்ளைங்க எல்லாம் நெட்டை. இங்க நிக்கிறது பேரப்பிள்ளைங்க, இதுல நாலுக்கு ஒண்ணு குட்டை."

"நடுவுல அந்தக் குட்டை எங்க போச்சு சார்?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகல. பிள்ளைங்களுக்குள்ளதான் வெளிய தெரியாம இருந்தது."

"என் நிலத்துல மறுபடி நெட்டையாயிடுமா?"

"குட்டையில எடுத்த விதை குட்டையாத்தான் வரும்."

அப்போது பிடித்தது மழை. பம்ப் கொட்டகைக்கு ஓடினோம். காற்றோடு ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. வெளியே வந்து பார்த்தால், கலப்புப் பாத்தியில் நெட்டைகள் பாய் விரித்தாற்போலப் படுத்திருந்தன. அவற்றின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டைகள் மட்டும் கதிரோடு நின்றன. ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே மண், ஒரே மழை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

போக விரும்புகிறவர்கள் வெயில் நாளில் போகாதீர்கள். குடை வேண்டாம், காற்றில் நிற்காது. வரப்பு வழுக்கும், ஒரு கம்பு போதும்.

திரும்பும்போது விதை மூட்டை அந்தோணியின் தலையில் இருந்தது.

"குட்டையில வைக்கோல் ஏது மச்சான்? மாட்டுக்கு இன்னா போடுவே?"

"நெல்லை வித்து வைக்கோல் வாங்கிப் போடுவேன்டா" என்றேன். விற்பதற்கு நெல் இருக்கும் என்று நான் பேசியது அதுதான் முதல் தடவை.