பகுத்தறியும் வரம் பெற்றவர்

கல்லடியில் எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரும் அந்த அக்காவுக்கு ஆவிகளைப் பகுத்தறியும் வரம் இருப்பதாக எல்லோரும் சொல்வார்கள். பார்த்தால் நம்ப முடியாது. ஒடிந்த மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருப்பார். எதைக் கேட்டாலும் அதைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

ஆசிரியர் வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வா என்று ஒரு குரல் என்னை அழைத்துக்கொண்டிருந்தது. அது கர்த்தருடைய குரல்தானா என்று அவரிடம் கேட்டேன். மூன்று ஞாயிறுகள் கண்ணாடியைத் துடைத்தார்.

"பொறுங்க தம்பி, எனக்கு இன்னும் விளங்கல்ல."

வெளியூரிலிருந்து வந்த போதகர் என் தலையில் கைவைத்ததுமே, இது அழைப்புத்தான் என்று சொல்லிவிட்டாரே! இவருக்கு மட்டும் என்ன?

நான்காம் ஞாயிறு என் பொறுமை போய்விட்டது.

"ஓமா, இல்லையா எண்டு ஒண்டச் சொல்லுங்க அக்கா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அந்தக் குரல் உங்களுக்குப் பிடிக்காத ஒண்ட எப்பயாவது சொல்லியிருக்கா தம்பி?"

இதற்கா ஒரு மாதம் காத்திருந்தேன்? இவருக்கு வரமும் இல்லை, ஒன்றும் இல்லை என்று கல்லடிப் பாலம் நெடுகத் திட்டிக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

நீ சொல்வதுதான் சரி என்றது அந்தக் குரல்.