மணல் நரிக்கு வைத்த தண்ணீர்

முப்பது வருடங்களுக்கு முன், அரபு நாட்டுப் பாலைவனத்தில் வீதி போடும் முகாமொன்றில் நான் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தேன். களஞ்சியத்துக்குப் பின்னால் மணல்மேட்டில் ஒரு மணல் நரி வளை தோண்டி மூன்று குட்டி போட்டிருந்தது.

பூனையளவு உடம்பு. காதுகள் மட்டும் வேறொரு பெரிய மிருகத்திடம் இரவல் வாங்கியவை போலிருக்கும். பொழுது சாய்ந்ததும் வெளியே வந்து தலையைச் சாய்த்துக் கேட்கும். மணலுக்குள் வண்டு நகர்ந்தால் போதும், கிண்டி எடுத்துவிடும். பல்லி, எலி எதுவும் தப்பாது. உள்ளங்காலிலும் மயிர் இருந்ததால் சுடுமணல் அதற்கு ஒன்றுமில்லை. குட்டிகள் வாலைக் கடித்து இழுக்க, அது சலிப்போடு என்னைப் பார்க்கும்.

சமையற்காரர் எங்கள் ஊர்ப் பக்கத்து அலவத்துகொடைக்காரர், என்னைவிட இளையவர்; அண்ணன் முறையில் என்னை 'நானா' என்பார். "பொஞ்சாதிக்கு எழுதுற கடிதத்திலயும் நரிக் கதைதானா, நானா?" என்று கேலி செய்வார்.

அது தண்ணீர் குடித்து நான் கண்டதேயில்லை. அந்தப் பாலைவனத்திலேயே பிறந்த காவலாளி, "இரையின் ஈரமே அதற்குப் போதும், தண்ணீர் வைக்காதே" என்றார். மடவளையில் மழைக்கும் ஈரத்துக்கும் நடுவே வளர்ந்த எனக்கு அது நம்பும்படி இல்லை. எந்த உயிருக்குத் தண்ணீர் கொடுத்தாலும் நன்மை என்பது எங்கள் வீட்டுப் பாடம். பட்டதாரி என்ற மிதப்பும் இருந்தது. காவலாளி விடுமுறையில் போனதும், வளை வாசலிலேயே ஒரு தட்டில் தண்ணீர் வைக்கத் தொடங்கினேன்.

நரி அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சமையற்காரர் போடும் எலும்புக்காகக் குசினியைச் சுற்றிக் கிடந்த நாய்கள்தான் கோடை வெக்கையில் அந்தத் தண்ணீரைக் கண்டுபிடித்தன. ஒரு காலை போய்ப் பார்த்தபோது வளை கிண்டப்பட்டிருந்தது. மூன்று குட்டிகளும் செத்துக் கிடந்தன. தாய் தூரத்து மேட்டில் நின்றது. யாரும் வருமுன் தட்டை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்தேன்.

எச்சில் போட்டு நாய் வளர்த்ததாக முகாம் பொறியியலாளர் எல்லோர் முன்னிலையிலும் சமையற்காரரை ஏசினார்.

"நான் போட்ட எலும்பாலதானே நானா, இப்பிடி ஆகிட்டு?" என்று அவர் அழுதார்.

"விடுங்க, அல்லாட நாட்டம்" என்றேன்.

அதன்பின் அந்த நரியை நான் பார்க்கவில்லை.

போன மாதம் அலவத்துகொடைக்குப் போய் அந்தச் சமையற்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையை ஒதுக்கி வைத்தார்.

"அதுக்குப் பொறகு ஒரு நாய்க்கும் நான் ஒரு எலும்பு போடல்ல நானா. வாசலுக்கு வந்தா கல்லெடுத்து வெரட்டுவேன். கல்நெஞ்சுக்காரன் எண்டு பொஞ்சாதி ஏசுவா."

மன்னிப்புக் கேட்டேன். தூறல் விழுந்ததால் அவர் குடையோடு பஸ் தரிப்பிடம்வரை வந்தார். குடை முழுவதும் என் பக்கமே சாய்ந்திருந்தது, அவருடைய தோள் நனைந்தது. பஸ் வந்ததும், "ஊட்டுக்குப் போய்ச் சேந்ததும் போன் கோல் ஒண்டு எடுங்க" என்றார்.

மன்னித்ததாக இன்னும் சொல்லவில்லை.