சொல்லிவிட்டுப் போங்கள்

காலை எட்டு மணிக்கு அந்தப் பாலர் பள்ளியில் பிள்ளையை இறக்கிவிட்டுக் கம்பி நீட்டப் பார்க்கும் அப்பாக்களுக்கு வாசலில் ஒரு வில்லங்கம் காத்திருக்கும். வயது அறுபத்தொன்று. நரைத்த மீசை, நீலச் சட்டை, சொன்ன பேச்சைக் கேட்காத முதுகு. குழந்தைகள் அவரை டாட்டா தாத்தா என்று கூப்பிடுவார்கள். பெரியவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, சம்பளப் பதிவேட்டில் இருக்கிற பெயர் அவருக்கே மறந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டது.

ஒரு நாள் பல் டாக்டர் ஒருவர், மகன் மரக்கட்டைகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்த சமயம் பார்த்து, சத்தமில்லாமல் வெளியே வந்து கார் கதவைத் திறந்தார். டாட்டா தாத்தா காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"சார், பையன்கிட்ட டாட்டா சொல்லலியே."

"நல்லா விளையாடிட்டு இருக்கான் பெரியவரே. இப்பப் போய்ச் சொன்னா அழுவான்."

"அழட்டும் சார். நான் எதுக்கு இருக்கேன்?"

"எட்டரைக்கு ஆள் வந்துடும் எனக்கு."

"பல்லுதானே சார். இத்தனை நாள் வலிச்சது இன்னும் பத்து நிமிஷம் வலிக்கட்டும்."

டாக்டருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் உள்ளே போனார். போய்த்தான் ஆக வேண்டும், ஏனென்றால் சேர்க்கையின்போது அவர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்ட பதினாறு பக்கக் கொள்கைப் புத்தகத்தில் அது இருக்கிறது. பள்ளியை நடத்தும் பெரிய டீச்சர் தன் கைப்பட எழுதிய புத்தகம். நாலாம் பக்கம் முழுக்க விடைபெறுவதைப் பற்றித்தான். குழந்தையின் உயரத்துக்குக் குனிய வேண்டும். எங்கே போகிறோம் என்று சொல்ல வேண்டும். எப்போது வருவோம் என்பதைக் கடிகாரக் கணக்கில் சொல்லாமல் குழந்தையின் கணக்கில் சொல்ல வேண்டும், "நீ பால் குடிச்சு, தூங்கி எழுந்ததும் வருவேன்" என்பதுபோல. சொன்னால் சொன்னபடி வர வேண்டும். நிச்சயமாகத் தெரியாததைச் சொல்லவே கூடாது. கையசைத்த பிறகு, அழுகிறதே என்று திரும்ப வரக் கூடாது. கடைசியில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருக்கும்: அழுகையை நிறுத்துவது நம் வேலை அல்ல, அழும் குழந்தையோடு இருப்பதுதான் நம் வேலை.

டாக்டர் மகன் அழுதான். டாட்டா தாத்தாவின் சட்டைப் பையை நனைத்துக்கொண்டு ஏழு நிமிஷம் அழுதான். அவர் "அழாதே" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "அப்பா போயிட்டாரு, வருத்தமாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லி, முதுகைத் தடவிக்கொண்டே ஜன்னலோரம் நின்றார். எட்டாவது நிமிஷம் பையன் மூக்கை அவர் தோளிலேயே துடைத்துவிட்டு, கட்டைகளிடம் திரும்பிப் போனான்.

இத்தனை விடாப்பிடி ஒரு மனிதருக்கு எங்கிருந்து வந்தது என்று பெற்றோர் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொள்வது உண்டு. சொன்னால் நம்ப மாட்டார்கள். சொல்லாமல் கிளம்புவதில் அவரைப்போலக் கைதேர்ந்தவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவர் அவர். சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் பத்து நாள், பதினைந்து நாள். வீட்டில் ஒரே மகள். அவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது ஒருமுறை, அப்பா கிளம்புவதைப் பார்த்துவிட்டு மூச்சுப் பிடித்து நீலம் பாரிக்கும் அளவுக்கு அழுதாள். மனைவி அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள்: "இனிமே அவ தூங்கும்போதுதான் நீங்க கிளம்பணும்." அதிலிருந்து விடியும் முன்னே எழுந்து, விளக்குப் போடாமல் சட்டை மாட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவருகே ஒரு நிமிஷம் நின்று மகள் முகத்தைப் பார்த்துவிட்டு நழுவிவிடுவார். அந்தக் கதவில் எந்தக் கீல் கத்தும், எவ்வளவு திறந்தால் கத்தாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வழியில் டீக்கடையில் மற்ற டிரைவர்கள் பிள்ளை அழுததைச் சொல்லிக் குமைந்தால், இவர் மீசையைத் தடவிக்கொள்வார். "எம்பொண்ணு சமர்த்துப்பா. நான் கிளம்பினா அழவே மாட்டா."

முதுகு பழுதாகி லாரியை விட்ட பிறகுதான் பாலர் பள்ளிக்கு வந்தார். முதலில் வேன் ஓட்டினார், பிறகு அதற்கும் முதுகு ஒத்துழைக்காமல் வாசலுக்கு மாறினார். சேர்ந்த முதல் வாரமே பெரிய டீச்சர் அவரை உட்கார வைத்து நாலாம் பக்கத்தைப் படித்துக்காட்டினார்.

"சொல்லாமப் போனா குழந்தை அழாதுல்லன்னு எல்லாரும் கேக்கறாங்க. அழாதுதான். ஆனா அதுக்கப்புறம் விளையாடும்போதுகூட ஒரு கண்ணு வாசல் மேலேயே இருக்கும். கூட இருக்கறவங்க எப்ப வேணாலும் காணாமப் போயிடுவாங்கன்னு அது தெரிஞ்சுக்குது. நம்ம ஒண்ணும் சொல்லித் தராமலே தெரிஞ்சுக்குது."

அவர் தலையாட்டிவிட்டு வேனில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடும் நேரம் வந்தும் வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், "நாம பண்ணது தப்பாம்டி" என்றார். "புக்கு எழுதினவங்களை ஒரு மாசம் லாரி ஓட்டச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்" என்று அவள் பேச்சை முடித்துவிட்டாள். அதன்பின் இரண்டு வருஷத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில், இவர் மருந்து வாங்கக் கீழே இறங்கியிருந்த கால் மணி நேரத்தில்.

மகளுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போக வேண்டிய பெரிய நகரத்தில், ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. பாசம் இல்லாத பெண் என்று யாரும் சொல்ல முடியாது. மாத்திரை வாங்கி அனுப்புவாள், வாரம் இரண்டு தடவை போன் செய்வாள். ஆனால் "சரிப்பா, வெச்சுடறேன்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பேசிக்கொண்டே இருப்பாள், பார்த்தால் அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். அம்மா போன பிறகு மூன்று முறை வந்திருக்கிறாள். மூன்று முறையும் அவர் பள்ளியிலிருந்து திரும்பி வந்தால் கதவு பூட்டியிருக்கும், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும், போனில் ஒரு வரி வந்திருக்கும்: "கிளம்பிட்டோம்பா."

யாரிடம் கற்ற வித்தை என்று அவருக்குத் தெரியும். கோபப்பட வாய் இல்லை. ஏக்கப்பட மட்டும் உரிமை இருந்தது, அதைத் தாராளமாகச் செய்தார். அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை, மகள் எதிரில் நின்று, முகத்தைப் பார்த்து, கிளம்புகிறேன் என்று சொல்ல வேண்டும். தினம் நாற்பது குழந்தைகளுக்கு அதை வாங்கிக் கொடுத்தார். மாலையில் பள்ளி வாசல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பினார்.

இந்த முறை அவள் இரண்டரை வயது மகளோடு ஐந்து நாள் தங்க வந்திருந்தாள். நான்காம் நாள், குழந்தைக்குப் பள்ளியைக் காட்டலாம் என்று அவரோடு புறப்பட்டாள். குழந்தை மணல் தொட்டியைப் பார்த்ததும் அம்மாவையும் மறந்தது, தாத்தாவையும் மறந்தது. மகள் வராந்தாவில் நின்றாள். சுவரில் பெரிதாக எழுதி மாட்டியிருந்த நாலாம் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு, கையைக் கட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அப்பா ஒவ்வொரு குழந்தைக்கும் மண்டியிடுவதைப் பார்த்தாள். சிவப்புச் சட்டை போட்ட ஒருவனை அவர் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற நேரம் முழுவதும் அவள் அசையவில்லை.

வீட்டுக்கு வந்து, குழந்தை தூங்கிய பிறகு, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த சிவப்புச் சட்டைப் பையன் உங்களைக் கட்டிக்கிட்டு அழுதானே, எவ்வளவு நேரம்பா?"

"ஒன்பது நிமிஷம் இருக்கும். இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி."

"ஒன்பது நிமிஷம்தானா."

ஒரு சின்ன கவுனை எடுத்து உதறினாள்.

"எனக்கும் அந்த ஒன்பது நிமிஷத்தைக் குடுத்திருக்கலாமேப்பா."

"நீ தூங்கிட்டு இருப்பேம்மா" என்றார். "எழுப்பினா அழுவேன்னு உங்கம்மாதான்..."

"நான் தூங்கலப்பா."

அவர் புரியாமல் பார்த்தார்.

"ஒரு நாள்கூடத் தூங்கல. முந்தின நாள் அம்மா உங்க பையில துணி வெக்கறதைப் பார்த்துடுவேன்ல. நீங்க செருப்பைக் கையில எடுக்கறது தெரியும். கதவுகிட்ட நிக்கறது தெரியும். நான் அழுதா நீங்க வண்டி ஓட்டும்போது அதே நெனப்பா இருப்பீங்க, எங்கயாவது கொண்டுபோய் மோதிடுவீங்கன்னு அம்மா சொல்லி வெச்சிருந்தா. அதனால கண்ணை மூடிப்பேன். ரொம்ப இறுக்கி மூடினா கண்டுபிடிச்சிடுவீங்க, லேசா மூடணும். அதைப் பகல்ல கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். கண்ணை மூடிட்டா கண்ணாடில தெரியாதுன்னுகூடப் புரியாத வயசு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. எத்தனை டீக்கடையில், எத்தனை பேரிடம் மீசையைத் தடவியிருக்கிறார்! இத்தனூண்டு குழந்தை ஒன்று அப்பா பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்பதற்காக அழுகையை விழுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறது, அதைத்தான் சமர்த்து என்று ஊரெல்லாம் பறைசாற்றியிருக்கிறார். மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது. அந்த வார்த்தை வாயில் வராத வம்சம் அவருடையது. எழுந்து வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மீதித் துணியை மடிக்க ஆரம்பித்தார். ஒன்றும் சரியாக மடியவில்லை. அவள் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் மடித்தாள்.

மறுநாள் அவர் பள்ளிக்கு லீவு சொன்னார். மனைவி போன பிறகு எடுக்கும் முதல் லீவு. பெரிய டீச்சரே வாசலில் நிற்பதாகச் சொல்லிவிட்டார். ஒன்பது மணிக்கு டாக்சி வந்தது. சீக்கிரம் எழுப்பப்பட்ட குழந்தை பால் குடித்துவிட்டு மறுபடியும் அம்மா தோளில் தூங்கிப்போயிருந்தது. மகள் அடிமேல் அடி வைத்து வாசலுக்கு வந்தாள்.

"நல்லவேளை தூங்கிட்டா. அப்படியே வண்டில படுக்க வெச்சுடறேன்பா."

"எழுப்பும்மா."

"ஐயோ, ஊரைக் கூட்டிடுவா. அஞ்சு நாளா உங்களை விட்டு இறங்கல அவ."

"கூட்டட்டும். எழுப்பு."

எழுப்பினாள். அவர் குழந்தையைத் திண்ணையில் நிற்க வைத்துவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் தரையில் ஊன்றினார். "பாப்பா, நீயும் அம்மாவும் ரயில்ல ஏறி அப்பாகிட்டப் போறீங்க. தாத்தா வரல. தாத்தா இங்கதான் இருப்பேன்." பாதித் தூக்கத்தில் இருந்த குழந்தைக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் வாயைக் கோணிக்கொண்டு ஆரம்பித்தது பாருங்கள், எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் மீசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதறியது. டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். மகள் அவரைப் பார்த்துக் கையைக் காட்டி, பொறுங்கள் என்றாள்.

அழுகை அடங்கி விக்கலாக மாறிய பிறகு, குழந்தையைக் கொண்டுபோய் வண்டியில் உட்கார வைத்துப் பெல்ட் போட்டாள். அதோடு தானும் ஏறிக்கொள்வாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் திரும்பி வந்தாள். அவரைக் கைப்பிடித்து எழுப்பி நிறுத்தினாள். எதிரில் நின்றாள்.

"அப்பா, நான் கிளம்பறேன்."

அவர் தலையை ஆட்டினார்.

"நாளைக்குக் காலைல போய்ச் சேர்ந்துடுவோம். நாளன்னிக்கு வேலைக்குப் போகணும்."

"சரிம்மா."

அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று இருவருக்குமே தெரியும். அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். மாப்பிள்ளைக்கு இதைவிடத் தூரத்து ஊருக்கு மாற்றல் வரப்போகிறது, ஆஸ்பத்திரியில் லீவு கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், இதெல்லாம் ஐந்து நாளாகப் பேச்சில் அடிபட்டதுதான். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்ப வருவேன்னு எனக்குத் தெரியலப்பா. தெரியாததைச் சொல்லக் கூடாதுதானே?"

"கூடாதும்மா" என்றார்.

அவள் அவர் கையை அழுத்திவிட்டு வண்டியில் ஏறினாள். கண்ணாடியை இறக்கிக் கையசைத்தாள், அவரும் அசைத்தார். வண்டி தெருமுனை திரும்பியது. இத்தனை வருஷமாக எத்தனை அப்பா அம்மாவை, 'இதோ வந்துடறேன்' என்ற அந்த ஒரு பொய்யைச் சொல்ல விடாமல் தடுத்திருப்பார்! இன்றைக்கு அவள் பொய்யாகவாவது ஒரு நாளைச் சொல்லியிருந்தால், அந்த நாள்வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு அவர் சந்தோஷமாக இருந்திருப்பார்.