இரண்டு திருவாதிரை

இன்று காலை பல் தேய்க்கும் முன்பே கைபேசி வாழ்த்திவிட்டது. அலுவலகக் குழுவில் கேக் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாருக்கும் ஒரு கும்பிட்ட கையை அனுப்பிவிட்டு நெற்றியைத் தடவிப் பார்த்தேன். கோவில் சந்தனம் இல்லாத பிறந்தநாள் எனக்கு இன்னும் பழகவில்லை.

கேரள எல்லையோரம் கொல்லயில் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் அடுக்களைக் கதவுக்கு இந்தப் பக்கம் அம்மாவின் மலையாளக் காலண்டர், அந்தப் பக்கம் அப்பாவின் தமிழ்க் காலண்டர். அப்பா திருநெல்வேலிக்காரர், பக்கத்து உதியன்குளங்கரையில் பாத்திரக்கடை போட வந்தவர், அம்மாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். இரண்டு காலண்டரும் பெரும்பாலும் ஒத்துப்போகும். நான் பிறந்த அன்று பார்த்து முறைத்துக்கொண்டன. சூரியன் அன்று உச்சிப்பொழுது கழிந்துதான் சிம்ம ராசிக்குள் போனதாம். அந்திக்குள் போனால் போதும், அன்றே ஆவணி ஒன்று என்பது அப்பாவின் கணக்கு. உச்சி கழிந்துவிட்டால் புது மாதம் மறுநாள்தான், அன்று மலையாள ஆடியான கர்க்கடகத்தின் கடைசி நாள் என்பது அம்மாவின் கணக்கு.

"உங்க காலண்டரு மத்தியானத் தூக்கம் போட்டுட்டுல்லா எந்திரிக்கும்" என்பார் அப்பா.

"எனக்க பிள்ளை கர்க்கடகமாக்கும். பெத்தவ நானில்லியா?" என்பாள் அம்மா.

நட்சத்திரம் பார்த்துப் பிறந்தநாள் வைக்கும் வீடு. ஆகவே கர்க்கடகத்துத் திருவாதிரைக்கு ஒரு பாயசம், ஆவணித் திருவாதிரைக்கு இன்னொன்று. வழக்கைத் தீர்க்க எனக்கென்ன பைத்தியமா? என் சந்தேகம் வேறு. ஒரே சூரியன்தானே, அப்படியானால் மாதம் எந்த இடத்தில் மாறுகிறது? களியக்காவிளை போகும் பஸ்ஸில் சன்னலோரம் பிடித்து, மாநில எல்லைச் சோதனைச்சாவடி வந்ததும் வானத்தை உற்றுப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் ஒரே மழைதான் பெய்துகொண்டிருக்கும்.

அப்பா இறந்து, ஆண்டுத் திவசமும் முடிந்து ஒரு கர்க்கடகம் வந்தது. திருவாதிரையன்று அடுப்பில் கஞ்சி மட்டும் கொதித்தது. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டதோ என்று பயந்துபோய், "இன்னைக்கு எனக்க நாளில்லியா?" என்று கேட்டேன்.

"தெரியும் மக்கா. இது எனக்க கணக்கு. அப்பாக்க கணக்கு அடுத்த மாசம் உண்டு. இனி அன்னைக்கு மட்டும் பாயசம் வைக்கேன். நானும் சொல்லல்லேண்ணா, அவியளுக்கு வேண்டிப் பேச ஆருண்டு?"

அத்தனை வருடம் விட்டுக்கொடுக்காதவள்.

இப்போது அம்மாவும் இல்லை. சுவரில் இரண்டு ஆணிகள் இருக்கின்றன. கர்க்கடகத்துத் திருவாதிரை எப்போதோ கழிந்திருக்கும். ஆவணியில் என்றைக்கென்று எனக்குப் பார்க்கத் தெரியாது. கைபேசி சொன்ன இன்றைய தேதியோடு இந்த வீட்டில் சண்டை போட யாரும் இல்லை.