சொல்யூஷன் டின் பக்கத்தில் சார்ஜ் ஏறிய லேப்டாப்

2008 வாக்கில், ஒரு கோடைக்காலம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்டர் கிடைப்பதற்கு முன்னால் வாங்க வரும் வெளிநாட்டு பையர்களுக்குக் காட்ட மாதிரி ஷூ செய்கிற இடம் அது. எனக்கும் என் தோழிக்கும் ஒரே மேஜை. அவள் டிசைனர், வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கம்பெனி அவளுக்கு ஒரு லேப்டாப் கொடுத்திருந்தது.

அந்த லேப்டாப் கொஞ்ச நாளாகவே பேஜார் பண்ணிக்கொண்டிருந்தது. சார்ஜ் நிற்காது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அப்புறம் அடிப்பக்கம் உப்ப ஆரம்பித்தது. மேஜையில் வைத்தால் ஒரு பக்கமாக ஆடும். "என்னை மாதிரியே இதுவும் குண்டாகுது பாரு" என்று அவள் சிரிப்பாள். ஆடாமல் இருக்க ஒரு தோல் துண்டை மடித்து அடியில் வைத்தோம். மேனேஜரிடம் சொன்னபோது, "பையர் வந்துட்டுப் போகட்டும்மா, வேற பேட்டரி போட்டுடலாம்" என்றார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அன்று மதியம் சாப்பாட்டு பெல் அடித்து பாதிப் பேர் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். அவசர வேலை ஒன்று இருந்ததால் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். லேப்டாப் சார்ஜில் இருந்தது. திடீரென்று தித்திப்பாக ஒரு வாடை.

"இன்னாடி வாசனை இது?" என்றாள்.

"சொல்யூஷன்தான், வேற இன்னா?" என்றேன்.

சொல்யூஷன் என்பது ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டுகிற பசை. ஒரு தீப்பொறி போதும், பற்றிக்கொள்ளும். நாள் முழுக்க அந்த வாடையிலேயே இருப்பதால் எங்கள் மூக்குக்கு வித்தியாசமே தெரியவில்லை. பக்கத்து மேஜையில், அவளுக்குக் கையெட்டும் தூரத்தில், திறந்த டின் ஒன்று இருந்தது.

'உஸ்' என்று ஒரு சத்தம். லேப்டாப்பின் ஓரத்திலிருந்து வெள்ளைப் புகை பீய்ச்சியடித்தது. என்னவென்று பார்ப்பதற்குள் நெருப்பு.

எனக்குக் கை கால் ஓடவில்லை. அவள்தான் "ஏசப்பா!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே கையை நீட்டினாள். லேப்டாப்பை எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எடுத்தது அந்த டின்னை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினாள்.

"மெயினை ஆஃப் பண்ணுடி!"

அந்தக் குரலில்தான் எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். சத்தம் கேட்டு வந்த மேனேஜர் சிவப்பு வாளி மணலைத் தூக்கி அதன்மேல் கொட்டினார். தீ அடங்கியது.

அடங்கியது என்றுதான் நினைத்தோம். பையருக்குக் காட்ட வேண்டிய ஷூ டிசைன் எல்லாம் லேப்டாப்புக்குள்ளே இருக்கிறதே என்ற பதற்றத்தில் மேனேஜர் குனிந்து மணலை விலக்கினார். டின்னை வெளியே வைத்துவிட்டுத் திரும்பி வந்த அவள், "சார், தொடாதீங்க!" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நிமிர்ந்ததும் படாரென்று வெடித்து மறுபடியும் நெருப்பு எழுந்தது. சற்றுமுன் அவர் முகம் இருந்த இடத்தில். புருவம் கருகிப்போய் அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லோரையும் வெளியே அனுப்பி, மேலே மேலே மணல் கொட்டி, ஒருவழியாக அணைத்தார்கள்.

பிறகு வேலூரிலிருந்து வந்த லேப்டாப் சர்வீஸ்காரர் மிச்சத்தைப் பார்த்துவிட்டு, "உப்பின அன்னிக்கே அணைச்சுட்டு எங்ககிட்டக் கொடுத்திருக்கணும். உப்பின பேட்டரிக்கு சார்ஜே போடக்கூடாது. அணைஞ்ச மாதிரி இருக்கும், திரும்ப எரியும்" என்றார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவள் வேலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். அப்புறம் மெதுவாக, "அதுலதான் என் பொண்ணு போட்டோ எல்லாம் இருந்துச்சு. பொறந்த அன்னிக்கு எடுத்ததுல இருந்து. வேற எங்கயும் இல்லடி" என்றாள். அதுவரை கலங்காதவள், அங்கேயே விசும்பி விசும்பி அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் படங்கள் ஒன்றுகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நொடியில் அவள் கை டின்னை விட்டுவிட்டுப் படங்களுக்காக நீண்டிருந்தால், அந்தக் குழந்தைக்கு அம்மா இருந்திருப்பாளா, இதைச் சொல்ல நான் இருந்திருப்பேனா என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.